குழந்தைவேலின் பிரிண்ட் வரிகள்

இதை எந்த மட்டத்தில் போடுவது என்று சுகந்திக்கு விளங்கவில்லை. மடியில் லேப்டாப், லேப்டாப்பில் குழந்தைவேல் எழுதிய நிரல், நிரலின் நடுவே ஆங்கில எழுத்தில் கொங்குத் தமிழ்: ‘உள்ள வந்துட்டேன் அம்மிணி, இதுவரைக்கும் பழுதில்ல.’ சர்வருக்குள் ஒரு கோரிக்கை நுழைந்ததும் திரையில் விழுவதற்காக அவள் புருஷன் போட்டு வைத்த பிரிண்ட் வரி. இந்த மாதிரி நிரல் முழுக்க, திரும்பின பக்கமெல்லாம், வேலியோரத்து எருக்கு போல முளைத்துக் கிடக்கின்றன. ஒரு மனுஷன் தான் எழுதும் நிரலிடம் இப்படியா பேசிக்கொண்டே போவான்? போவான். தோசைக்கல்லிடம் பேசுகிறவன், கிளம்ப மறுக்கும் பைக்கிடம் பேசுகிறவன், வாயில் பிரஷ்ஷோடு பல் தேய்த்துக்கொண்டே ஊர் நியாயம் பேசுகிறவன், நிரலை மட்டும் விட்டுவைப்பானா? அந்த வாய் இப்போது எதிரே தெரிகிற கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மயக்க மருந்தில், குழாய் செருகித் திறந்து கிடக்கும். கழுத்தில் தைராய்டுக் கட்டி. கட்டி கெட்டதில்லை என்று ஊசி குத்தி எடுத்துப் பார்த்துச் சொல்லியாயிற்று, ஆனால் அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் கெட்ட இடம். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல நூல் தண்டிக்கு ஒரு நரம்பு ஓடுகிறதாம், குரல் அதன் கையில்தான் இருக்கிறதாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா, என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற சொல்லில் இத்தனை பெரிய ஓட்டை இருக்கும் என்று சுகந்திக்கு முப்பத்தாறு வயது வரை தெரியாது. அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். உள்ள வந்துட்டேன் அம்மிணி. இது இன்ஃபோ மட்டம்தான். சும்மா ஒரு தகவல்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, சர்வரில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் லாக் அமைக்கிறவள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே பட்டது. ஆனால் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. இங்கே கை வேலை செய்தாலாவது மனசு அதன்மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். வேலையும் தள்ளிப்போட முடியாத வேலைதான். ‘வாய்க்கால்’ என்று அவர்கள் இரண்டு பேரும் வைத்து நடத்துகிற செயலி. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் விவசாயி போனில் ஒரு தட்டு தட்டுவார், பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்குக்குத் தகவல் போகும். அந்த சர்வர் ஒரு மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துக்கொள்கிறது. ஏன் படுக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. குழந்தைவேலின் பிரிண்ட் வரிகள் கறுப்புத் திரையில் ஓடி ஓடி மறைந்துவிடும், எப்போது ஓடின, எதற்குப் பிறகு ஓடின, ஒன்றும் தங்காது. ஒழுங்காக லாக் வைத்துத் தொலைங்க மாமா என்று அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். வெக்கலாம் அம்மிணி, என்ன அவசரம், நாந்தான் வாயால சொல்லீட்டே இருக்கறனே, என்பான். வாயால். அந்த நினைப்பு வந்ததும் சட்டென்று விரல் நின்றுவிட்டது. மனசு எந்த வழியில் போனாலும் அந்தத் தொண்டையில் போய்த்தான் முட்டுகிறது.

“என்ன கண்ணு, காப்பித்தண்ணி ஊத்தட்டா?” என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து நங்கையா. குழந்தைவேலின் அக்கா அம்சவேணி. புருஷனின் அக்காவை இந்தப் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலையிலேயே பிளாஸ்க்கும் முறுக்கு டப்பாவுமாக அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள். வேண்டாங்க நங்கையா, என்று சுகந்தி சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிட்டது. அந்தக் குடும்பமே அப்படித்தான். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாருக்கும் வாய் ஓயாது. நங்கையாவை லாக் எழுதுகிற ஒரு லாகராக வைத்தால் டீபக் மட்டத்தில்தான் ஓடுவாள். டீபக் என்றால் ஒன்றையும் விடாமல் சொல்வது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எந்த ஊர், அவள் மகளுக்கு எத்தனை பவுன் கேட்டார்கள், கண்டக்டர் யாரைப் பார்த்துச் சிரித்தான், எல்லாம் வரும். அதற்கு மேலே இன்ஃபோ, தேவையான சேதி மட்டும். அதற்கும் மேலே வார்னிங், ஏதோ சரியில்லை, பார்த்துக்கொள் என்பது. பிறகு எரர், கெட்டுப்போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே கிரிட்டிக்கல், அதைப் பற்றி நினைக்க வேண்டாம். ஒரு மட்டத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற பேச்சையெல்லாம் லாகர் முழுங்கிவிடும். சுகந்தி பிறந்ததிலிருந்தே எரர் மட்டம். அவள் அம்மாவே சொல்வாள், இவ வாய்ல கொழுக்கட்டைய வெச்சுப் பெத்துட்டேன் என்று. பள்ளிக்கூடத்தில் கையொடிந்தபோதுகூட சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த ரேடியோப் பெட்டி வந்து வாய்த்தது. கல்யாணமான புதிதில் தலை வலித்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் அந்தச் சத்தம் வீட்டில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது, நின்றால்தான் விழிப்பு வரும். இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது பக்கத்தில் சத்தமே இல்லாமல் இருந்தது. ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களே. காப்பி நன்றாக இருந்தது. நங்கையா கருப்பட்டி போட்டிருந்தாள்.

அடுத்த வரி: ‘மெக்கானிக் சிக்கல சாமி, இன்னொருத்தரக் கேட்டுப் பாக்கறேன்.’ இது வார்னிங். அதற்கடுத்தது: ‘அடப் போங்கய்யா, இது வேலைக்கு ஆகாது.’ சுகந்திக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது, கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வரிக்கு ஒரு சரித்திரமே உண்டு. போன வருஷம் குழந்தைவேல் அவசரத்தில் இதைப் பிரிண்ட்டாகப் போடாமல், விவசாயிக்குப் போகிற பதிலாகவே போட்டு அனுப்பிவிட்டான், அது நேராகப் போய் காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் போனில் விழுந்தது. மோட்டார் நின்று வாழை காய்கிற எரிச்சலில் மனுஷன் செயலியைத் தட்ட, அது அவரைப் பார்த்து, தமிழை ஆங்கில எழுத்தில், அடப் போங்கய்யா இது வேலைக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறது. உடனே போன். “ஏனுங், நானென்ன சோத்துக்கில்லாமயா உங்களைக் கேட்டேன்? வேலைக்கு ஆகாதுன்னு எவன்யா சொன்னது? வயசென்ன அவனுக்கு?” ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுகந்திக்கும் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். குழந்தைவேல் அந்தக் கனத்த குரலில், “தப்புங்கய்யா, அது நான் எனக்கே சொல்லிக்கிட்டதுங்க, உங்களுக்கில்லீங்க,” என்று ஆரம்பித்து, எத்தனை எச்பி மோட்டாரு, கிணறா போரா, வாழை என்ன ரகம் என்று இறங்கி, பேசி முடிக்கும்போது அந்தப் பக்கத்துக் குரல் மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் ஒரு தார் வாழை வீட்டுக்கு வந்தது, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. அந்தக் குரலை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. செயலி எல்லாம் ஒரு சாக்கு. மெக்கானிக்குகள் சண்டை போட்டுக்கொண்டு ஓடாமல் இருப்பதும் விவசாயிகள் பொறுத்துப் போவதும் அந்தக் குரலுக்காகத்தான். தொழில் கிடக்கட்டும். தொழில் போனால் வேறு தொழில். இவளை அம்மிணி என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லையே, அதற்கு என்ன செய்வது.

கட்டியை முதலில் பார்த்தவளும் அவள்தான். வெயில் நேரத்தில் வெளியே போய்விட்டு வந்து நின்றபடியே சொம்பை அண்ணாந்து மோர் குடித்தான், தொண்டையில் மோர் இறங்கும்போது கூடவே ஏதோ ஒன்று ஏறி இறங்கியது, சின்ன எலுமிச்சம்பழம் போல. நில்லுங்க, இன்னொருக்கா முழுங்குங்க, என்றாள். மோரு தீந்துபோச்சு அம்மிணி, இன்னொரு சொம்பு குடுத்தா வேணா முழுங்கறேன், என்றான். அதுதான் குழந்தைவேல். டாக்டர் நரம்பைப் பற்றிச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டு, “அப்படி ஆனா எங்கூட்டுல நெறையப் பேரு உங்களுக்குக் கோயிலே கட்டீருவாங்க டாக்டர்,” என்றான். வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போது மட்டும் ஒன்றும் பேசவில்லை. லிஃப்ட் வந்தது, போனது, ஏறாமலே நின்றான். அவன் பேசாமல் நின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோழி ஒருத்தி சொன்னாள், எதற்கும் அவர் குரலை ரெக்கார்ட் பண்ணி வைத்துக்கொள் என்று. நல்லதுக்குத்தான் சொன்னாள். சுகந்திக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு ஆளை அனுப்பி வைப்பது போல இருந்தது அது. ரெக்கார்ட் பண்ணவில்லை. இப்போது, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பண்ணியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. ஒரு தடவை பேசியதை எடுத்து வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சீ, என்ன நினைப்பு இது, ஆள் உள்ளே முழுசாகப் படுத்திருக்கிறார். பெரிய மனுஷி மாதிரி வேலையைப் பார்.

வேலையைப் பார்த்தாள். லாகருக்குப் பெயர் வைத்தாள். வரி விழும்போது தேதி, நேரம், எந்தக் கோப்பு, எந்த மட்டம் என்று முன்னால் ஒட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தாள். விவசாயிகளின் போன் நம்பர் லாகில் முழுதாக விழக்கூடாது, கடைசி இரண்டு எண் தவிர மற்றதை மறைத்தாள். கோப்பு பெருத்துப்போனால் பழசு தானாகக் கழிந்து புதுசு தொடங்கும்படி செய்தாள். பிறகு வரிகள். ‘மெக்கானிக் சிக்கல சாமி’ என்பதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒழுங்காக, மெக்கானிக் கிடைக்கவில்லை, மறுபடி முயல்கிறது, என்று அடித்தாள். படித்துப் பார்த்தாள். கம்பெனிக்காரன் எழுதின மாதிரி சுத்தமாக இருந்தது, யார் எழுதினது என்றே தெரியவில்லை. நாளைக்கு வேறு யாராவது வேலைக்கு வந்தால் அவர்களுக்குப் புரிய வேண்டுமே. புரிய வேண்டியதுதான். வருகிறவன் தமிழ் தெரிந்தவனாக வரட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே போய் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. மெக்கானிக் சிக்கல சாமி, இன்னொருத்தரக் கேட்டுப் பாக்கறேன். முன்னால் வார்னிங் என்று மட்டும் சேர்த்தாள். அப்படியே ஒவ்வொன்றாக, அவன் சொல்லில் கை வைக்காமல், மட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டே போனாள். ‘பேட்டரி தீந்த போனா இருக்குமோ’ டீபக். ‘காசு வந்துருச்சுங்கோ’ இன்ஃபோ. ‘அய்யோ’ என்று வெறுமனே ஒரு வரி, டேட்டாபேஸ் கையை விரிக்கிற இடத்தில். அதற்கு எரர் போட்டாள். அந்த அய்யோவை அவன் எப்படிச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும், யோவில் ஒரு இழுப்பு இருக்கும், பாதி சிரிப்பு இருக்கும்.

எல்லாம் முடித்து லேப்டாப்பிலேயே சோதனைக்கு ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. திரை கறுப்பாக நின்றது. போனிலிருந்து தானே ஒரு சோதனைக் கோரிக்கை தட்டினாள், பதில் வந்தது, சர்வர் ஓடுகிறது, ஆனால் உள்ள வந்துட்டேன் வரவில்லை. மறுபடி தட்டினாள். பழுதில்ல வரவில்லை. அய்யோகூட வரவில்லை. மட்டத்தைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கோப்புக்கு அனுமதி இருக்கிறதா பார்த்தாள், இருந்தது. எல்லாம் சரியாக இருந்து ஒரு சத்தமும் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட ஒருத்தர் யாரையும் பார்க்காமல் வேகமாகப் போனார். எதற்கு வேகமாகப் போகிறார்? போகிற வேகத்தைப் பார்த்தால் எதையோ எடுத்துவரப் போகிற மாதிரி இருக்கிறதே. இது சகுனமில்லை, லாக் எப்படி ஓட வேண்டும் என்று எழுதின ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பு, அவ்வளவுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுடைய ஒரு பாதி அதைக் கேட்கத் தயாராக இல்லை. இந்தத் திரையில் அந்த வரி வந்துவிட்டால் அங்கேயும் வந்துவிடும் என்று அந்தப் பாதி பிடிவாதமாக நின்றது. பொறியியல் படித்தவள், மாரியம்மன் கோயிலில் பூ கேட்கிற மாதிரி லாக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “ஏங் கண்ணு இப்படி வேர்க்குது?” என்று நங்கையா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். “ஒண்ணுமாகாது. எங்க தம்பி தொண்டையில கத்தி பட்டாக் கத்திதான் மழுங்கும்.” சொன்ன கையோடு முறுக்கு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு கான்ஃபிகரேஷனை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தபோதுதான் அது தெரிந்தது. அங்கே இல்லாததுதான் தெரிந்தது. அவள் எழுத மறந்த ஒரு வரி. புதிதாக லாக் அமைக்கிறவர்களிடம் செயலிக்கு அஸ்திவாரமான இந்த ஃபிரேம்வொர்க் ஒரு கேள்வி வைத்திருக்கிறது: உனக்கு முன்னாலேயே பேசிக்கொண்டிருக்கிற லாகர்களையெல்லாம் வாயடைத்துவிடட்டுமா? நாம் பதில் சொல்லாமல் விட்டால், ஆமாம் என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. அவளுடைய லாகர்கள் கான்ஃபிகரேஷன் படிக்கப்படுவதற்கு முன்பே பிறந்துவிட்டவை. அதனால் அத்தனையும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றன. எந்தப் புண்ணியவான் இப்படி வைத்தானோ. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் வாயை மூடிவிட்டா புது ஏற்பாடு பண்ணுவார்கள்? அந்த வரியை எழுதி, வேண்டாம் என்று பதில் சேர்த்தாள். ஓட்டினாள். தட்டினாள். உள்ள வந்துட்டேன் அம்மிணி, இதுவரைக்கும் பழுதில்ல. தேதியோடு, நேரத்தோடு, இன்ஃபோ என்ற முத்திரையோடு. சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அதை அப்படியே நிஜ சர்வருக்கு ஏற்றினாள், வரிகள் ஓட ஆரம்பித்தன. எங்கோ ஒரு தோட்டத்தில் யாரோ தட்டுகிறார்கள், உள்ள வந்துட்டேன். எங்கோ ஒரு மெக்கானிக் போனை எடுக்கவில்லை, சிக்கல சாமி. இன்னொருத்தர் எடுத்துவிட்டார், காசு வந்துருச்சுங்கோ. கண்ணால் படிக்கிறதாகவே தோன்றவில்லை, காதில்தான் விழுந்தது. நங்கையா எட்டிப் பார்த்து, “இதென்ன, இவன் இங்கயும் வளவளன்னு பேசீட்டிருக்கறான்?” என்றாள்.

“குழந்தைவேல் கூட வந்தவங்க யாருங்க?” என்று கண்ணாடிக் கதவருகே ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். சுகந்தி எழுந்த வேகத்தில் லேப்டாப்பை நங்கையா பிடித்தாள். டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, நரம்பு அறுபடவில்லை, ஆனால் கட்டி அதோடு ஒட்டியிருந்ததால் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. குரல் எப்போது வரும், எப்படி வரும் என்று இப்போதே சொல்ல முடியாது, வந்தாலும் பழைய குரலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஆள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அவள் நங்கையாவைப் பார்த்தாள். நங்கையா, “நீ போ சாமி,” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

குழந்தைவேல் கழுத்தில் கட்டோடு, முகம் உப்பி, கண்ணைத் திறந்து படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தான், மறுபடி காற்று. அவன் கண்ணில் ஒரு பயம் வந்து நின்றது, லிஃப்டு முன்னால் நின்றபோதுகூட இல்லாத பயம். நர்ஸ், பேச வேண்டாங்கண்ணா, சித்த நேரம் கம்முனு இருங்க, என்றாள். அந்தக் கண்ணைச் சுகந்தியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தாள். வாழ்க்கையில் அப்படிப் பேசினதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள், கூடத்தில் ஒருத்தர் செருப்பு காணாமல் போய்ச் சண்டை நடந்ததைச் சொன்னாள், நங்கையா நர்ஸுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லியிருப்பதைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சேதி தீர்ந்துகொண்டே வந்தது, நிறுத்தினால் அந்தக் கண் திரும்ப வரும், வேறு வழியில்லாமல் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எடுத்துவிட்டாள். “நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, அன்னைக்கு உங்க மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்க மாமா. சமையக்கட்டுல கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். முன்னறையில நீங்க எங்கப்பாகிட்டப் பேசீட்டிருந்தீங்க. அதக் கேட்டுட்டேதான் நானு...” அங்கே நின்றுவிட்டாள். அதற்கு மேல் குரல் என்ற சொல்லைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவள் திறந்த நாளில் திறந்த இடத்தைப் பார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தாள்.

“அப்பறம்?”

யாரோ கேட்டது போல இருந்தது. மொரமொரவென்று, பாதி காற்றாக, அவளுக்கு அறிமுகமே இல்லாத ஒரு குரல். குழந்தைவேலின் விரல் அவள் உள்ளங்கையை அழுத்தியது. அவன் முகத்தில் பயம் போய், கதை கேட்கிற ஆவல் இருந்தது.

“அப்பறம் என்ன,” என்றாள் சுகந்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புதுக் குரலின் முகத்தைப் பார்த்து. “சரின்னு சொல்லீட்டேன்.”